முன்மாதிரி முதியவருக்கு மூச்சு வாங்கிய கதை

முதுமை நலத் துறையின் அலுவலகம் நான்காவது மாடியில். லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால் துறை அன்றைக்குக் கீழே வரவேற்புக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்றால், எல்லோரும் சோபாக்களில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பொருள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில், 'படியேறுங்கள், பல்லாண்டு வாழுங்கள்' என்று துறையே அச்சடித்த பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் படிக்கட்டு. இரண்டையும் யாரும் சம்பந்தப்படுத்திப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் தோளில் பையோடு குழாய்க்காரர் உள்ளே வந்தார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். குழாய்கள்தான் நம்பவில்லை.

"நாலாவது மாடியில குழாய் ஒழுகுதாமே?"

"லிஃப்ட் வேலை செய்யல, பெரியவரே. நாளைக்கு வாங்க" என்றார் காவலாளி.

"படி வேலை செய்யுதில்ல?" என்று கேட்டுவிட்டு அவர் ஏறிப் போனார். அதிகாரிகள் ஒரு சுற்றுத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இறங்கியும் வந்துவிட்டார். ஒழுகல் நின்றிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கவில்லை. இதுதான் அவர் செய்த தவறு.

இயக்குநர் சோபாவிலிருந்து எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க வயசு என்ன?"

"எழுபத்தாறு. ஏன் சார், குழாய்க்கு ஏதாவது வயசு வரம்பு உண்டா?"

"நாலு மாடி ஏறி இறங்கியிருக்கீங்க. களைப்பா இல்லையா?"

"குழாய் நாலாவது மாடியிலதானே சார் இருக்கு. அது இறங்கி வராதே."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரோக்கியமான முதுமை என்பதைப் பற்றி அவர்கள் ஆண்டுக்கணக்காக அறிக்கை எழுதி வந்தார்கள். ஆனால் அதை நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"உடற்பயிற்சி உண்டா?" என்று கேட்டார் அசைவுப் பிரிவு அதிகாரி. கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் அவர் முழு உடம்போடு திரும்பித்தான் கேட்க முடிந்தது.

"இல்லைங்க. எனக்குக் கெட்ட பழக்கம் எதுவுமே கிடையாது."

"சாப்பாடு?" இது சத்துப் பிரிவு அதிகாரி.

"அக்கா போடறது."

உண்மையும் அதுதான். மனைவி இறந்த மறுநாள் அக்கா அவருக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தை ஒன்றே ஒன்று: "நாளையிலேர்ந்து இங்க வந்து சாப்பிடு. வரும்போது கீரை வாங்கிட்டு வா." அன்றிலிருந்து தினமும் காலையில் சந்தை வழியாக நடந்து, ரயில் பாதைக்கு மேலிருக்கும் நடைமேம்பாலம் ஏறி இறங்கி, ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவார். கீரை முற்றல் என்று அக்கா திட்டுவாள். அப்படியென்றால் நீயே போய் வாங்கு என்று இவர் கத்துவார். பிறகு பின்கட்டில் பாத்திக்கு மண் கொத்திவிடுவார். அக்கா காய் நறுக்குவாள், இவர் கொத்தியது கோணல் என்பாள். மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் நடந்தே வீடு திரும்புவார். அக்காவுக்கு எண்பத்தொன்று. தனியாக இருந்தாள். அவர் வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும், சண்டையும் எரியும்.

இதையெல்லாம் அவர் சொன்னபோது இயக்குநரின் கண்கள் கலங்கின.

"இத்தனை வருஷமா எந்த மேற்பார்வையும் இல்லாம ஆரோக்கியமா இருந்திருக்கீங்க. எவ்வளவு பெரிய ஆபத்து! இனிமே கவலைப்படாதீங்க. நாங்க இருக்கோம்."

குழாய்க்காரருக்கு அதுவரை கவலை இருந்ததில்லை. அப்போதுதான் லேசாக வந்தது.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் துறையின் கார் நின்றது. அவரை 'முன்மாதிரி முதியவர்' என்று அறிவித்து, தோளில் பட்டுப்பட்டை ஒன்றைக் குறுக்கே மாட்டினார்கள். கொஞ்ச நாள்தான், முதுமை விழா முடிந்ததும் விட்டுவிடுவோம் என்றார்கள். அவரும் மனுஷன்தானே, பட்டை அழகாகத்தான் இருந்தது. தவிர, தேநீர் கொடுத்துக் கூப்பிடுகிறவர்களிடம் முகத்தை முறித்துப் பேச அவருக்கு வராது.

"அக்கா வீட்டுக்கு நடந்து போகணுமே?"

"நடக்கவா?" டிரைவர் பதறிப்போனார். "ரோட்டுல கல்லு இருக்கும், குழி இருக்கும். நீங்க தடுக்கினா துறையே தடுக்கின மாதிரி. உங்களை நடக்க விடக் கூடாதுன்னு எனக்குக் கண்டிப்பான உத்தரவு."

அன்றைக்கு அவரை அழைத்துப் போனது ஒரு கருத்தரங்குக்கு. தலைப்பு: 'அமர்ந்திருத்தலின் அபாயங்கள்'. குளிரூட்டிய அரங்கு, மெத்தை வைத்த நாற்காலிகள். இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார்.

"நண்பர்களே! உட்கார்ந்தே இருப்பது மனிதனை மெல்ல மெல்லக் கொல்கிறது. தயவுசெய்து யாரும் எழுந்திருக்க வேண்டாம், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். இந்த அபாயத்தைப் பற்றி இன்று மாலைவரை நாம் இங்கேயே உட்கார்ந்து தீர விவாதிக்கப் போகிறோம். மதிய உணவையும் உங்கள் இருக்கைக்கே கொண்டுவர ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒரு கணம்கூட வீணாகாது!"

கைதட்டல் பலமாக இருந்தது. அன்றைக்கு அங்கே நடந்த அதிகபட்ச உடலசைவும் அதுவே.

மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எங்கடா இருக்க?"

"கருத்தரங்குல இருக்கேன் அக்கா."

"அங்க என்ன பண்ற?"

"உட்கார்ந்திருக்கேன்."

"அதை இங்க வந்து பண்ண வேண்டியதுதானே? சாப்பாடு ஆறுது."

"கொஞ்ச நாள்தான் அக்கா. விழா முடிஞ்சதும் வந்துடறேன்."

ஆனால் விழா முடிய வேண்டுமானால் முதலில் அது நடக்க வேண்டும். அது நடக்க வேண்டுமானால் துறையின் புதிய உடற்பயிற்சிக் கூடம் தயாராக வேண்டும். கூடம் தயாராகத்தான் இருந்தது. நடக்கும் இயந்திரம், மிதிக்கும் இயந்திரம், இழுக்கும் இயந்திரம் எல்லாம் வரிசையாக பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன. திறந்துவைக்க அமைச்சருக்கு நேரம் கிடைக்கவில்லை. குழாய்க்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று ஓடி வந்தார் அசைவு அதிகாரி. அதாவது, ஓடி வருகிறவரின் முகபாவத்தோடு மெதுவாக வந்தார். "இன்னும் திறப்பு விழா ஆகல. திறக்காத கூடத்துல யாராவது வியர்த்தா நான்தான் பதில் சொல்லணும்."

"அப்ப நான் வெளியில கொஞ்சம் நடந்துட்டு வரட்டுமா?"

"கூடம் இருக்கும்போது வெளியில நடந்தா கூடத்துக்கு அவமானம்ங்க."

சாப்பாட்டுக்கு ஒரு குழு அமைத்தார்கள். குழாய்க்காரரின் ஆரோக்கியத்துக்குக் காரணம் அக்கா என்பது வரை குழு சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. அதற்கு மேல்தான் சிக்கல்.

"அக்காவில புரதம் எவ்வளவு?" என்று கேட்டார் கூட்டத்துக்குத் தாமதமாக வந்த ஒரு நிபுணர்.

"அக்கா உணவு இல்லை சார், உறவு" என்றார் சத்து அதிகாரி.

"உறவா? அப்ப அது நம்ம பிரிவே இல்லை. தோழமைப் பிரிவுக்கு அனுப்புங்க."

கீரையை யாரிடம் வாங்குவது என்று முடிவாகும்வரை, பொடியில் வெந்நீர் கலந்து கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. பொடி சாம்பல் நிறத்தில் இருந்தது. எல்லாச் சத்தும் உண்டு என்று டப்பாவின் மேல் எழுதியிருந்தது. பசி மட்டும் அதில் இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் வரும் கிரீம் பிஸ்கட்டைத்தான் குழாய்க்காரர் நம்பினார். கூட்டங்களுக்கோ பஞ்சமே இல்லை.

தோழமைப் பிரிவும் சும்மா இருக்கவில்லை. தினமும் மாலையில் அவர் வீட்டுக்கு ஓர் அதிகாரியை அனுப்பிவைத்தது. இளைஞர், நன்றாகத் தலைவாரியிருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஐயா, இன்னைக்கு வெயில் பரவாயில்லை" என்பார். பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்.

"தம்பி, உங்களுக்குச் சண்டை போடத் தெரியுமா?" என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டார் குழாய்க்காரர்.

"அதுக்கு மேலதிகாரி அனுமதி வேணும் ஐயா. என் பதவிக்கு வானிலை மட்டும்தான்."

வாரங்கள் போயின. குழாய்க்காரரின் கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. காரிலிருந்து இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இரவில் தூக்கம் வரவில்லை. பகலில் அரங்குகளில் வந்தது. கடைசியில் வீட்டு வாசலின் நாலு படி ஏறியதற்கே நின்று மூச்சு வாங்கினார். துறையின் மருத்துவர் இதைச் சொன்னதும் அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர் கலங்கவில்லை.

"யோசிச்சுப் பாருங்க. நம்மகிட்ட வந்தப்போ இவர் எவ்வளவு ஆரோக்கியமா இருந்தார்! நம்ம முழுக் கவனிப்புல இருக்கிற இவருக்கே இந்த நிலைமைன்னா, நம்ம கவனிப்பு இல்லாம வெளியில இருக்கிற முதியவங்க கதி என்ன? நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. திட்டத்தை உடனே எல்லாருக்கும் விரிவுபடுத்தணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அசைவு அதிகாரியால் மட்டும் ஆட்ட முடியவில்லை. ஆனால் அவர் சம்மதத்தைக் கண்ணால் தெரிவித்தார்.

அந்த வாரம்தான் அக்காவின் போன் மறுபடி வந்தது. இந்தத் தடவை திட்டு இல்லை.

"டேய், மக கூப்பிடறா. அவகூடப் போயிடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி வருது. சாமான் எல்லாம் ஏத்திட்டு வீட்டைப் பூட்டிடப் போறா."

"என்ன அக்கா திடீர்னு?"

"திடீர்னு என்ன திடீர்னு? தனியா உட்கார்ந்தா தட்டுல இருக்கறது இறங்க மாட்டேங்குதுடா. ஒருத்திக்காக எதுக்கு அடுப்பைப் பத்த வைக்கறதுன்னு நேத்து பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துட்டேன். உனக்கென்ன, காரு, பட்டை, விழான்னு பெரிய மனுஷனாயிட்ட. உனக்கு நான் எதுக்கு?"

அக்கா மகளின் ஊர் ரயிலில் அரைநாள் தூரம். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து போக முடியாது. குழாய்க்காரர் அன்றைக்கு முழுவதும் ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை. மாலையில் இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"வெள்ளிக்கிழமையா? அன்னைக்குத்தானே விழா! அமைச்சர் நேரம் கொடுத்துட்டார். தவிர, முதுமைக்கு ஏதுங்க லீவு?"

வெள்ளிக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. மேடையில் இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி. முன்மாதிரி முதியவர் இதிலிருந்து எழுந்து அதுவரை நடந்துபோய் உட்கார வேண்டும். துறையின் மொத்தச் சாதனையும் அந்த நடையில் அடங்கியிருந்தது. ஒத்திகையில் இரண்டு தொண்டர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். விழாவில் பிடிக்க வேண்டாம், தயாராக மட்டும் நில்லுங்கள் என்று உத்தரவு.

இயக்குநர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "அமைச்சர் அவர்களே! முதுமை என்பது முடங்கிக் கிடப்பதல்ல. இதோ, உங்கள் கண் முன்னால் ஓர் எழுபத்தாறு வயது இளைஞர் நடக்கப் போகிறார்!"

குழாய்க்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் ஆக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. எழுந்தார். நடந்தார். அந்தக் கோடி நாற்காலி வந்தது. அதைத் தாண்டி நடந்தார்.

தொண்டர்கள் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் ஒத்திகைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே அவருக்கு இதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை.

"பாருங்கள் அந்த நடையை!" என்றார்.

குழாய்க்காரர் பக்கவாட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். "பாருங்கள், படியிலும் இறங்குகிறார்!" கூட்டம் கைதட்டியது. அவர் நடுவழியாக நடந்தார். "மக்களோடு மக்களாக நடக்கிறார்!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். "எல்லைகளைத் தாண்டி நடக்கிறார்!" அமைச்சரும் தட்டினார். கை வலித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான், நடந்தவர் திரும்பி வரவில்லை என்பது துறைக்கு உறைத்தது.

நடைமேம்பாலத்தின் படிகள் அன்றைக்குப் புதிதாக வளர்ந்திருந்தது போல இருந்தன. பாதியில் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துவிட்டார். நெஞ்சு கொல்லன் துருத்தியாக ஏறி இறங்கியது. இதே படியை விசில் அடித்துக்கொண்டு ஏறியது தானேதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பட்டை கழுத்தை அறுத்தது. கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, ஒரு படி, ஒரு மூச்சு, இன்னொரு படி என்று ஏறினார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் துறையின் கார் அவருக்குக் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. அவர் பார்க்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. சாமான் எல்லாம் ஏறியாயிற்று. அக்கா கைப்பையோடு படியில் நின்றாள். அக்கா மகள் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? வழியனுப்பவாவது வந்தியே!" என்று ஆரம்பித்த அக்கா, அவரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, பேச வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது.

"மாமா! என்ன மாமா இது, இப்படி மூச்சு வாங்குது?" என்று ஓடி வந்தாள் அக்கா மகள்.

அதற்குள் காரும் வந்து நின்றது. இயக்குநர், சத்து அதிகாரி, அசைவு அதிகாரி, தோழமை அதிகாரி நாலு பேரும் இறங்கினார்கள்.

"யாருடா இவங்க?" என்று கேட்டாள் அக்கா.

"என் உடம்பைப் பார்த்துக்கறவங்க அக்கா."

அக்கா தம்பியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு நாலு பேரையும் அதேபோலப் பார்த்தாள்.

"பார்த்துக்கிட்ட லட்சணமா இது? நல்லா இருந்தவனை ஊதி வெச்ச பலூனாக்கி அனுப்பியிருக்கீங்களே!"

"அம்மா, இவர் அரசாங்கத்தோட முன்மாதிரி..." என்று தொடங்கினார் இயக்குநர்.

"இருக்கட்டும். முதல்ல என் தம்பி." அக்கா கைப்பையை மகளிடம் கொடுத்தாள். "நான் வரலடி. இவனை இந்தக் கோலத்துல விட்டுட்டு வந்தா எனக்கு அங்கேயும் சாப்பாடு இறங்காது. சாமானை இறக்கச் சொல்லு."

"வண்டி வந்தாச்சேம்மா!"

"வந்த மாதிரி போகட்டும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பூட்டைப் பைக்குள் போட்டாள். வண்டிக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏத்தறதுக்கு மட்டும்தான் இங்க பேச்சு. இறக்கறதுக்கு ஆள் அந்த ஊர்ல நிக்கறாங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அக்கா நாலு அதிகாரிகள் பக்கம் திரும்பினாள். "சும்மா நிக்கறீங்களே, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. நீ பீரோவைப் பிடி. தலைவாரின தம்பி, நீ கட்டில். டேய், நீ உட்காராத, மெதுவா வந்து நாற்காலியை எடு. ஒண்ணு ஒண்ணா எடு."

துறையின் வரலாற்றில் அவ்வளவு தெளிவான உத்தரவு வந்ததே இல்லை. ஆகவே யாருக்கும் மறுக்கத் தெரியவில்லை. இயக்குநர் மெத்தைக்கு அடியில் காணாமல் போய், வீட்டுக் கூடத்தில் வெளிப்பட்டார். அசைவு அதிகாரி பீரோவுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்தார். பீரோவைக் கிழக்குச் சுவரில் வைத்ததும், மேற்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள் அக்கா. மேற்கே வைத்ததும், கிழக்கேதான் சரி என்றாள். தோழமை அதிகாரி பொறுமையிழந்து, "ஒரு முடிவுக்கு வாங்கம்மா, இது என்ன விளையாட்டா!" என்று கத்தினார். அக்கா அவரை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தாள்.

அடுப்பு எரிந்தது. பருப்பும் கீரையும் வெந்த காயும்தான். ஆறு பேரோடு அவளும் சேர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை தட்டை நீட்டிய இயக்குநர் சொன்னார்:

"இந்த மாதிரி பசி எனக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சும்மா. இது எந்த வியாதியோட அறிகுறின்னு விசாரிக்கணும்."

துறை விசாரித்தது. முன்மாதிரிக்கு உரிய உடல்வாகு இல்லை என்று குழாய்க்காரரை முதல் வேலையாகப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்து, அக்காவை 'முன்மாதிரி மூதாட்டி'யாக அறிவிப்பதென்று முடிவு செய்து, அழைத்துவரச் சத்து அதிகாரியைக் காரில் அனுப்பியது. அவர் போனவர் திரும்பவில்லை. அவர் கையில் அக்கா அரிவாள்மனையைக் கொடுத்துவிட்டாளாம். அவரை அழைத்துவரப் போன அசைவு அதிகாரி பின்கட்டில் மண் கொத்திக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இருவரையும் விசாரிக்க இயக்குநரே நேரில் போனார். முதலில் காரில் போனார். இப்போது மேம்பாலம் வழியாகப் போகிறார், சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு. விசாரணை இன்னும் முடியவில்லை. முடிகிற மாதிரியும் தெரியவில்லை.

குழாய்க்காரருக்கு மூச்சு பழையபடி ஆகிவிட்டது. கால்சட்டையும் சமாதானமாகிவிட்டது. ஒரே ஒரு மனக்குறைதான். இப்போதெல்லாம் பாலத்தில் அவர் யாருக்காகவும் நிற்பதில்லை, வணக்கம் சொன்னால்கூடக் கையை மட்டும் ஆட்டிவிட்டு விரைகிறார். கொஞ்சம் தாமதித்தாலும் போதும், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்துவிடுகிறார்.